நடுக்களத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர்: இந்துமதியின் கால்பந்து திருப்பூரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி

உலகக் கோப்பை கால்பந்து வரப்போகிறது என்றால் திருப்பூருக்குத்தான் முதலில் தெரியும். டி.வி.யில் விளம்பரம் ஆரம்பிக்கிறதுக்கு மாசக்கணக்கில் முன்னாடியே மஞ்சள், நீலம், வெள்ளை என்று நாட்டுக்கு நாடு நிறம் பிரித்து துணி ரோல்கள் கட்டிங் டேபிளுக்கு வந்துவிடும். எல்லாம் ரசிகர்கள் போட்டுக்கொள்ளும் டி-ஷர்ட்கள். பிரின்டிங் பட்டறையில் முதுகுப் பக்கம் நம்பர் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நம்பர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். 10 இருக்கும், 7 இருக்கும், 9 இருக்கும். 6-ம் 8-ம் கேட்டு வரும் ஆர்டர் குறைவு. கோல் அடிப்பவரின் சட்டை விற்கும். அவர் காலுக்குப் பந்து போய்ச் சேரும்படி பார்த்துக்கொண்டவரின் சட்டை அவ்வளவாகப் போகாது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகை ஆளைப் பற்றியது. பெயர் இந்துமதி கதிரேசன். ஊர் கடலூர். 1994-ல் பிறந்தவர். இந்தியப் பெண்கள் கால்பந்து அணிக்காகப் பல வருஷம் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கேள்விப்பட்டதே இல்லையா? உங்கள் தப்பில்லை. அவர் ஆடிய மேட்சுகளில் பலவற்றை டி.வி.யில் தேடினாலும் கிடைத்திருக்காது.

இவரைப் போன்றவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் கையில் எடுக்கும் வார்த்தை ‘டிசிப்ளின்’. எனக்கும் அந்த வார்த்தை பிடிக்கும். ஆனால், அந்த டிசிப்ளினுக்கு மாசச் சம்பளம் கொடுத்தது யார் என்று கேட்காமல் அவருடைய வாழ்க்கையைப் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அந்தக் கேள்வியைத் திருப்பூரில் உட்கார்ந்து கேட்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பந்து இல்லாதபோது என்ன வேலை?

முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்தியப் பெண்கள் அணியை ‘அண்டர்டாக்’ என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். தெற்காசியாவில் நடக்கும் சாஃப் கோப்பையை 2010-ல் தொடங்கி முதல் ஐந்து முறையும் வென்றது இந்தியாதான். நேபாளமோ வங்கதேசமோ பக்கத்தில்கூட வர முடியாத காலம் ஒன்று இருந்தது. ஆனால் தெற்காசியாவைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தால் நிலைமை தலைகீழ். ஜப்பான், சீனா, கொரியா, ஆஸ்திரேலியா எல்லாம் வேற லெவல். உள்ளூரில் ராணி, வெளியூரில் கடைக்குட்டி. ஒரே மிட்ஃபீல்டர் இந்த இரண்டு வேஷத்தையும் மாறி மாறிப் போட வேண்டும்.

உள்ளூரில் ராணியாக இருக்கும்போது மிட்ஃபீல்டருக்குப் பந்து கிடைக்கும். முன்னாடி போகலாம், ஷூட் பண்ணலாம், கோல்கூட அடிக்கலாம். கடைக்குட்டியாக இருக்கும்போது 90 நிமிஷத்தில் பெரும்பாலான நேரம் பந்து எதிரணியிடம்தான் இருக்கும். அப்போது நடுக்களத்தில் நிற்பவரின் வேலை, வெறும் கண்ணால் பார்த்தால், ஒண்ணுமே செய்யாமல் நடமாடுவது போலத் தெரியும். முன்னாலும் போகாமல், பின்னாலும் போகாமல், நாலு அடி இடது, மூணு அடி வலது.

அந்த நாலு அடியில்தான் விஷயம் இருக்கிறது. பந்தைத் துரத்தச் சொல்லிக் கால் துடிக்கும். துரத்தினால் முதுகுக்குப் பின்னால் பத்து மீட்டர் இடம் திறந்துவிடும். ஜப்பான் மாதிரி ஒரு அணிக்கு அந்தப் பத்து மீட்டர் போதும். டிஃபென்டர்கள் தலையால் முட்டி வெளியே தள்ளும் பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். எதிரணி வேகமாகத் திரும்பி வரும்போது மைதானத்தின் நடுவிலேயே ஒரு சின்ன ஃபவுல் செய்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதையே பத்து அடி தள்ளி, பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் செய்தால் காரியம் கெட்டது. எழுபதாவது நிமிஷத்தில் நெஞ்சு முட்டும்போதும் இதே கணக்கு மாறாமல் இருக்க வேண்டும்.

பவர் டேபிள் பார்த்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். டெய்லருக்குப் பக்கத்தில் கைமடி என்று ஒருத்தர் நிற்பார். பீஸை எடுத்து, திருப்பி, அடுக்கி, டெய்லர் கை நீட்டும் இடத்தில் சரியாக வைப்பார். ஒரு நாள் கைமடி வரவில்லை என்றால்தான் அந்த லைன் எவ்வளவு ஓடும் என்று தெரியும். சம்பளப் பட்டியலில் மட்டும் கைமடியின் பெயர் எப்போதும் கீழேதான்.

ஒரு கொசுறுத் தகவல். 2021 நவம்பரில் இந்திய அணி பிரேசிலின் மனாஸ் நகருக்குப் போய் பிரேசிலுடன் ஆடியது. 6-1 தோல்வி. நம்ம பக்கம் மனிஷா கல்யாண் அடித்த அந்த ஒரு கோலை இன்றைக்கும் ரசிகர்கள் பேசுகிறார்கள். அந்த மேட்ச் பிரேசிலுக்கு வேறொரு காரணத்தால் முக்கியம். ஃபோர்மிகா என்கிற மிட்ஃபீல்டர் தன் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பைகளில் ஆடியவர். அந்தப் பட்டப்பெயருக்குப் போர்த்துகீசிய மொழியில் ‘எறும்பு’ என்று அர்த்தம். நடுக்களத்து ஆளுக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்துவிட முடியாது.

சிலிகுரியிலிருந்து துருக்கி வரை

இந்துமதியின் ஆட்டத்தை ஒழுங்காகத் தொகுத்து வைத்த வீடியோ எதுவும் கைக்கு எளிதில் சிக்காது. ஸ்கோர் விவரங்களை வைத்துத்தான் கதையைக் கோக்க வேண்டியிருக்கிறது.

2017 ஜனவரி 4, சிலிகுரி. சாஃப் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா 3, வங்கதேசம் 1. மூணாவது கோல் இந்துமதியுடையது. இறுதி ஆட்டத்தில் மிட்ஃபீல்டர் அடிக்கும் மூணாவது கோலுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. எதிரணியின் மூச்சு அதோடு நின்றுவிடும்.

2018 பிப்ரவரி, கட்டக். தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து சாம்பியன்ஷிப் இறுதியில் தமிழ்நாடு 2-1 என்று மணிப்பூரை வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்த வரி போதும். தெரியாதவர்களுக்கு: ரஞ்சிக் கோப்பையில் மும்பையைத் தோற்கடிப்பது மாதிரி. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். அந்த அணியில் இந்துமதியும் இருந்தார். அன்றைக்கு நம்ம ஊரில் எத்தனை பேர் பட்டாசு வெடித்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் நினைவில் ஒரு சத்தமும் இல்லை.

2019 மார்ச், நேபாளத்தின் பிராட்நகர். சாஃப் அரையிறுதியில் மறுபடியும் வங்கதேசம். இந்தியா 4-0. அதில் இந்துமதி இரண்டு கோல். இறுதியில் நேபாளத்தை 3-1 என்று தோற்கடித்து ஐந்தாவது பட்டம். அதே வருஷம் மே மாசம், லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியன் உமன்ஸ் லீக் பட்டத்தைத் தூக்கியது. தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்தின் பொற்காலம் என்று ஒன்று இருந்தால், 2018-லிருந்து 2019 நடுப்பகுதி வரையிலான அந்த ஒன்றரை வருஷம்தான்.

அப்புறம் கொரோனா. பல வீராங்கனைகள் வீட்டு மொட்டை மாடியில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, இந்துமதி சென்னையில் ஊரடங்குப் பணியில் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

இனி வருவதுதான் எனக்கு மனசு ஆறாத பகுதி. 2022 ஜனவரியில் பெண்கள் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. நன்றாக ஆடினால் உலகக் கோப்பைக்கே போக வாய்ப்பு. 23 பேர் கொண்ட அணியில் இந்துமதி இருந்தார். அவரோடு சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள், கார்த்திகா, சௌமியா என்று தமிழ்நாட்டுப் பெயர்கள் வரிசையாக. ஜனவரி 20-ல் ஈரானுடன் முதல் ஆட்டம், 0-0. அடுத்தது 23-ம் தேதி சீன தைபேயுடன். அதற்குள் முகாமுக்குள் கொரோனா புகுந்துவிட்டது. களமிறக்கப் போதுமான ஆள் இல்லை. மேட்ச் நடக்கவில்லை. இந்தியா போட்டியிலிருந்து விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஈரானுடன் கஷ்டப்பட்டு எடுத்த அந்த 0-0 முடிவும் செல்லாது என்று கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.

ஒரு மிட்ஃபீல்டருக்கு 0-0 என்பது சாதாரண ஸ்கோர் கிடையாது. அவருடைய உழைப்பு ஸ்கோர் போர்டில் தெரியும் ஒரே வடிவம் அந்த இரண்டாவது பூஜ்யம். அதையும் அழித்தாயிற்று.

அதே 2022 ஆகஸ்டில், நிர்வாகக் குளறுபடிக்காக இந்தியக் கால்பந்து சம்மேளனத்தையே ஃபிஃபா சில நாள் தடை செய்தது. அந்தத் தடையால் ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரை போயிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலேயே திரும்பியது. அடுத்த மாசம் காத்மாண்டுவில் சாஃப் பட்டம் முதல் முறையாகக் கைநழுவியது. இதில் எதற்கும் வீராங்கனைகள் காரணம் என்று சொல்ல முடியாது, கடைசித் தோல்வியைத் தவிர.

2024 பிப்ரவரி, துருக்கியின் அலன்யா. துருக்கிஷ் உமன்ஸ் கோப்பையில் எஸ்டோனியாவை இந்தியா 4-3 என்று வென்றது. ஐரோப்பிய நாடு ஒன்றின் சீனியர் அணியை இந்தியப் பெண்கள் தோற்கடித்தது அதுதான் முதல் தடவை. மனிஷா இரண்டு, பியாரி சாசா ஒன்று, இந்துமதி ஒன்று. சிலிகுரியில் கோல் அடித்த பெண் ஏழு வருஷம் கழித்து, முப்பதைத் தொடப்போகும் வயதில், ஐரோப்பிய அணிக்கு எதிராகவும் கோல் அடிக்கிறார். நடுவில் ஒரு கொள்ளைநோய், அழிக்கப்பட்ட ஒரு ஆசியக் கோப்பை, தடைபட்ட ஒரு சம்மேளனம். இதையெல்லாம் தாண்டி உடம்பையும் ஆட்டத்தையும் அப்படியே வைத்திருந்தார் என்பதைத்தான் டிசிப்ளின் என்கிறோம்.

காக்கிச் சட்டையின் கணக்கு

சரி, எப்படி வைத்திருக்க முடிந்தது?

பெண்கள் கால்பந்தில் கிளப் வருமானத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா என்று பாருங்கள். இந்தியன் உமன்ஸ் லீக் 2017-ல் ஆறு அணிகளோடு ஆரம்பித்தது. 2023-24 சீசனில் ஒரு அணிக்கு மொத்தம் 12 ஆட்டம். அடுத்த சீசனில் 14. வருஷத்தில் மூணு, நாலு மாசம் ஓடி முடிந்துவிடும். லீக்கில் ஒப்பந்தமாகும் வீராங்கனைக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் என்று சம்மேளனம் நிர்ணயித்தது. நல்ல முடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாசத்துக்குப் பிரித்தால் 27 ஆயிரத்துக்குக் கீழே வருகிறது. முழங்காலில் ஒரு லிகமென்ட் கிழிந்தால் அடுத்த வருஷம் அதுவும் கிடையாது.

அதனால்தான் இந்தியப் பெண்கள் கால்பந்தில் பெரிய பெயர்களைப் பார்த்தால், அடிக்கடி ஒரு சீருடை தட்டுப்படும். ‘இந்தியக் கால்பந்தின் துர்கா’ என்று அழைக்கப்படும் ஓய்னாம் பெம்பெம் தேவி, அவரும் மிட்ஃபீல்டர்தான், மணிப்பூர் போலீஸ். இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நாட்டுக்கு ஆடி 2020-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். இன்றைய அணியின் நடுக்களத்தைத் தாங்கும் சங்கீதா பாஸ்ஃபோர், மேற்கு வங்கத்தின் கல்யாணி ஊர்க்காரர், எல்லைக் காவல் படைகளில் ஒன்றான சசஸ்திர சீமா பல். இந்துமதி தமிழ்நாடு போலீஸ். கோல் அடிப்பவரை விளம்பரக் கம்பெனி எப்போதாவது கண்டுபிடிக்கும். மிட்ஃபீல்டரை அரசாங்க கெஜட்தான் கண்டுபிடிக்கிறது போல.

அரசு வேலை என்ன கொடுக்கிறது? முதலில் மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம். வீட்டில் ‘எப்ப கல்யாணம்?’ என்ற கேள்வியைத் தள்ளிப்போடும் தைரியம். காயம் பட்டால் ஆறு மாசம் படுத்து எழுந்து வர ஒரு இடம். ஆட்டம் முடிந்த பிறகும் தோளில் மிஞ்சும் இரண்டு நட்சத்திரம். பதிலுக்கு ஆளும் உழைக்க வேண்டியிருக்கிறது. 2020-ல் அவர் ஊரடங்குப் பணிக்குப் போனது போட்டோவுக்காக இல்லை, அது டியூட்டி.

தமிழ்நாட்டில் காவல் துறைத் தேர்வுகளில் 10 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மற்ற அரசு வேலைகளில் சிறந்த வீரர்களுக்கு 3 சதவீதம். இது இல்லாவிட்டால் இன்னும் பல பெயர்கள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் இந்த ஒதுக்கீட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இதை வாங்க உங்கள் கையில் ஏற்கெனவே மாநில, தேசிய அளவிலான சான்றிதழ் இருக்க வேண்டும். அதாவது, ஜெயித்த பிறகு வேலை. ஜெயிக்கிற வரைக்கும்?

பதினேழு வயதில் பள்ளி முடியும். இருபத்திரண்டு, இருபத்துமூணில் அரசு வேலை கிடைக்கலாம். நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு வருஷம்தான் ஒரு மிட்ஃபீல்டர் மிட்ஃபீல்டராக ஆகும் காலம். ஸ்ட்ரைக்கர் பதினாறு வயதிலேயே பளிச்சென்று தெரிவார். எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு ஆடி ஆடித்தான் வரும். நூறு, இருநூறு மேட்ச் வேண்டும். அந்த வயதில் அந்தப் பெண்ணுக்கு யார் சோறு போடுவது?

கடலூரைப் பாருங்கள். சுனாமியில் பெற்றோரை இழந்து அரசு இல்லத்தில் வளர்ந்த பெண் குழந்தைகளின் காலில் பந்தைக் கொடுத்து, அங்கிருந்து தேசிய அணி வரைக்கும் ஆட்களை அனுப்பிய ஊர் அது. அங்கே தங்க இடமும் சாப்பாடும் பயிற்சியும் ஒன்றாக இருந்தன. ஐந்தாறு வருஷ இடைவெளியை எப்படியோ ஒரு பாலம் போட்டுக் கடந்தார்கள்.

நம்ம ஊர் என்ன செய்கிறது?

இப்போது திருப்பூர்.

என்னோடு பத்தாவது படித்த ஒருத்தி லெஃப்ட் ஹாஃப் ஆடுவாள். மாவட்ட அளவுக்குப் போனாள். இடது கால்காரி, பந்தை நிறுத்தாமல் ஒரே தட்டில் மறுபக்கம் மாற்றிவிடுவாள். பிளஸ் டூ முடித்த மே மாசமே பனியன் கம்பெனியில் செக்கிங்குக்குச் சேர்ந்தாள். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டுக்குத் திரும்பும் ஒன்றரை ஷிஃப்ட். கிரவுண்டுக்கு எப்போது வர முடியும்? ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாக இருக்கும் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் இந்தியாவுக்கு ஆடியிருப்பாள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆடியிருக்க முடியுமா என்று பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லாமல் போனது என்று மட்டும் சொல்லலாம்.

இந்த வட்டாரத்து நூல் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று இருந்தது நினைவிருக்கும். மில் ஹாஸ்டலிலேயே தங்கி மூணு வருஷம் வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை. அதற்கு எடுத்ததெல்லாம் பதினைந்து, பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள். மேலே சொன்ன அந்த ஐந்தாறு வருஷத்தின் சரியான பாதியை இந்த ஊர் மொத்த விலைக்கு வாங்கியிருக்கிறது. டிசிப்ளின் இல்லாத பெண்களா இவர்கள்? பத்து மணி நேரம் நின்றுகொண்டே ஒரு தையல் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பவர்கள்.

இன்னொரு விஷயம். இன்றைக்குத் திருப்பூர் ஹாஸ்டல்களில் இருக்கும் பெண்களில் கணிசமானவர்கள் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பியாரி சாசாவின் ஊர் ஒடிசாவின் சுந்தர்கர் பக்கம். 2022 ஆசியக் கோப்பை அணியில் இருந்த சுமதி குமாரி ஜார்க்கண்டின் கும்லா மாவட்டம். தேசிய அணி ஆள் எடுக்கும் மாவட்டங்களும் நம்ம கம்பெனி ஏஜென்ட் ஆள் எடுக்கும் மாவட்டங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. நமக்கு வந்து சேரும் வேனில் எத்தனை மிட்ஃபீல்டர்கள் ஏறியிருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

‘கம்பெனி நடத்துகிறவன் கால்பந்து அணி நடத்த முடியுமா?’ என்று கேட்கலாம். துணி ஆலையே நடத்திக் காட்டியிருக்கிறது. பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. ஒரு பஞ்சாலை. அதன் அணிதான் 1996-97-ல் நாட்டின் முதல் தேசிய கால்பந்து லீக் சாம்பியன். பாய்சுங் பூட்டியா, ஐ.எம்.விஜயன் எல்லாம் அந்தச் சட்டையைப் போட்டவர்கள். ஆனால் அந்தக் கதையின் முடிவையும் சொல்ல வேண்டும். 2011-ல், விளையாட்டால் கம்பெனிக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கவில்லை என்று அணியைக் கலைத்துவிட்டார்கள். முதலாளியின் ஆர்வம் தீர்ந்தால் அணி தீர்ந்துவிடும்.

அதனால் என் கோரிக்கை வேறு. திருப்பூர் ஒரு கிளப் ஆரம்பிக்க வேண்டாம். லோகோ வேண்டாம், வெளிநாட்டு வீராங்கனை வேண்டாம், துவக்க விழா சத்தியமாக வேண்டாம். வேலை கொடுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள, அரை நாள் வேலை, அரை நாள் பயிற்சி என்று எழுதிக் கொடுத்த வேலை. பதினெட்டு வயது முதல் இருபத்துமூணு வரை. மெர்ச்சன்டைசிங்கோ, குவாலிட்டியோ, அக்கவுண்ட்ஸோ, ஏதாவது ஒரு தொழில் கைக்கு வரட்டும். ஆட்டம் கைகொடுக்காவிட்டாலும் அது நிற்கும்.

செலவு? பதினெட்டு பெண்கள், ஆளுக்கு மாசம் 18 ஆயிரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 38 லட்சத்து 88 ஆயிரம். கோச், பஸ், ஷூ எல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். 2024-25-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஒரே ஆள் சுமக்க வேண்டியதில்லை. ஒன்பது கம்பெனி சேர்ந்தால் ஒரு கம்பெனிக்கு இரண்டு பெண்கள்.

சி.எஸ்.ஆர். நிதியில் செய்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பாதிதான் சரி. 5 கோடி ரூபாய்க்கு மேல் நிகர லாபம் உள்ள கம்பெனிகள் 2 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். விளையாட்டுப் பயிற்சியும் அதில் அனுமதிக்கப்பட்ட செலவு. ஆனால் தன் ஊழியருக்கான சம்பளத்தை அந்தக் கணக்கில் எழுத முடியாது. மேலும் நம்ம ஊரில் பல கம்பெனிகள் பார்ட்னர்ஷிப், அந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. ஆகவே கிரவுண்டும் கோச்சும் சி.எஸ்.ஆரில் வரலாம். சம்பளம் சம்பளப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். அதுதான் நல்லதும்கூட. தானமாகக் கொடுத்ததை அடுத்த வருஷம் நிறுத்திவிடலாம், வேலைக்கு எடுத்த ஆளை அவ்வளவு சுலபமாக நிறுத்த முடியாது.

‘அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட வருஷம் பார்த்தா இதைக் கேட்கிறீங்க?’ என்ற கோபம் புரிகிறது. 2025 ஆகஸ்டில் அந்த அடி விழுந்தபோது ஆர்டர் நின்ற கம்பெனிகளை நானும் பார்த்தேன். ஷிஃப்ட் குறைந்தது, முதலில் வெளியே போனது கைமடிகளும் செக்கிங் பெண்களும்தான். என்னிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. ஆனால் ஆர்டர் நன்றாக வந்த வருஷங்களிலும் இந்தக் கேள்வியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை.

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஃபிஃபா தரவரிசையில் தாய்லாந்து 46, இந்தியா 70. ஜெயித்தால்தான் உள்ளே. 29-வது நிமிஷத்தில் ஒரு கோல், தாய்லாந்து சமன் செய்த பிறகு 74-வது நிமிஷத்தில் இன்னொன்று. இரண்டையும் அடித்தவர் மிட்ஃபீல்டர் சங்கீதா பாஸ்ஃபோர். இந்தியா 2-1. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது வரலாற்றில் அதுவே முதல் தடவை.

அன்று சனிக்கிழமை. திருப்பூரில் சம்பள நாள். கம்பெனி வாசலில் கவரை எண்ணிக்கொண்டு பெண்கள் வேனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.